ஜெர்மனியில் ஃபீஸ் இல்லை, சரி... முதல் 90 நாளுக்குக் கையில் காசு இருக்கா?

வேலைக்குப் போய் மூணு, நாலு வருஷம் ஆச்சு. கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கு. "ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிச்சா ஃபீஸே கிடையாதாம்"னு ஆபீஸ்ல யாரோ சொல்றாங்க. அன்னைக்கு ராத்திரியே நீங்க யுனிவர்சிட்டி லிஸ்ட் தேட ஆரம்பிச்சிடுறீங்க. ஆசைப்படுறதுல தப்பே இல்லை. ஆனா பேப்பர் போடுறதுக்கு முன்னாடி, ஒரு கணக்கை மட்டும் சேர்ந்து போட்டுப் பார்த்துடலாம், வாங்க.

ஃபீஸ் இல்லைங்கிறது எவ்வளவு உண்மை?

பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டர் கட்டணம் என்று ஒரு சிறிய தொகை மட்டும் கட்டணும். ஆனா விதிவிலக்கும் இருக்கு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம், ஐரோப்பிய யூனியனுக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து கட்டணம் வச்சிருக்கு. அங்கே மாஸ்டர்ஸ் படிப்புகளுக்குப் பெரும்பாலும் செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ.

ஃபீஸ் இல்லாத இடத்திலும் விசாவுக்குப் பணம் காட்டணும். அதுதான் பிளாக்டு அக்கவுண்ட். ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோவை முன்கூட்டியே போட்டு வைக்கணும். அங்கே போன பிறகு மாசம் 992 யூரோதான் வெளியே எடுக்க முடியும். கணக்கு சுலபமா இருக்க ஒரு யூரோ 100 ரூபாய்னு வச்சுக்குவோம். அப்போ 11,90,400 ரூபாய். இதுபோக ஏபிஎஸ் சான்றிதழுக்கு 18,000 ரூபாய், விசாவுக்கு 75 யூரோ, டிக்கெட், இன்ஷூரன்ஸ்.

நிறைய பேர் கணக்கை இங்கேயே நிறுத்திடுறாங்க. சிக்கல் ஆரம்பிக்கிறது இதுக்கு அப்புறம்தான்.

பணம் இருந்தும் பணம் இல்லாத 47 நாள்

என்கிட்ட வரி கணக்கு பார்க்கும் ஒரு தம்பி, வயசு 27. சென்னையில் ஐடி வேலையை விட்டுட்டு கெம்னிட்ஸ் நகரத்துக்குப் படிக்கப் போனார். பிளாக்டு அக்கவுண்ட்டில் முழுத் தொகையும் இருந்தது. கையில் 600 யூரோ. "மாசம் 992 வரப்போகுதே, போதும்" என்று கிளம்பிட்டார்.

அங்கே போனதும்தான் சங்கிலி புரிஞ்சது. பிளாக்டு பணம் வர உள்ளூர் பேங்க் அக்கவுண்ட் வேணும். அதுக்குப் பெரும்பாலும் முகவரிப் பதிவு கேட்பாங்க. பதிவு பண்ண, "இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்" என்று வீட்டு உரிமையாளர் கையெழுத்துப் போட்ட படிவம் வேணும். தற்காலிகமா தங்குற ஹாஸ்டலில் அந்தப் படிவம் கொடுக்கலை. வீடு கிடைச்சாத்தான் எல்லாமே நகரும். வீடு எடுக்கவோ முன்பணம் வேணும். வாடகை முன்பணமா, பராமரிப்புச் செலவு சேர்க்காத வாடகையில் மூணு மாசம் வரை கேட்க அங்கே சட்டத்தில் இடம் இருக்கு.

அவர் எழுதி வச்சிருந்த கணக்கு இது:

- ஹாஸ்டல், 24 நாள், நாளுக்கு 32 யூரோ: 768
- அறைக்கு முன்பணம்: 780
- முதல் மாச வாடகை: 310
- சாப்பாடு, பஸ், சிம், போர்வை, பாத்திரம்: 350
- மொத்தம்: 2,208 யூரோ

கையில் இருந்த 600 போக, துண்டு விழுந்தது 1,608 யூரோ. பிளாக்டு அக்கவுண்ட்டிலிருந்து முதல் தவணை வந்தது 47-வது நாள். அதுவரை? அம்மா செயினை அடகு வச்சு 1.6 லட்சம் அனுப்பினாங்க. கிட்டத்தட்ட 12 லட்சம் தன் பேரில் தூங்கிட்டு இருக்கும்போது, வீட்டில் நகைக்கு வட்டி ஓடிச்சு. முதல் மாசம் முழுக்க கிளாஸில் உட்கார்ந்து பாடம் கேட்டதைவிட மொபைலில் பேலன்ஸ் பார்த்ததுதான் அதிகம் என்று சொன்னார்.

அதனால பிளாக்டு தொகைக்கு வெளியே, தனியா 2,500 முதல் 3,000 யூரோ வச்சுக்கோங்க. பெரும்பகுதி ஃபாரெக்ஸ் கார்டில், கொஞ்சம் நோட்டாக. அட்மிஷன் லெட்டர் வந்த அன்னைக்கே மாணவர் விடுதிக்கு விண்ணப்பிச்சிடுங்க, வரிசை நீளம்.

பார்ட் டைம் வேலையை நம்பலாமா?

பாதி நம்பலாம். வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி இருக்கு. குறைந்தபட்ச ஊதியம் 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. வாரம் 10 மணி நேரம் பார்த்தா மாசம் சுமார் 600 யூரோ. 992-க்கு அது போதாது. ஜெர்மன் தெரியாதவங்களுக்கு வேலை கிடைக்கவே சில மாசம் ஆகலாம். முதல் செமஸ்டர் வருமானத்தைப் பூஜ்யம்னே போடுங்க.

இன்னொன்று, வயசு. மாணவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுச் சலுகை பொதுவா 30 வயசு வரைதான். அந்தச் சலுகையிலேயே மாசம் 140 யூரோவுக்கு மேல் ஆகும். 29-ல் கிளம்பினா, ரெண்டாவது வருஷம் செலவு கூடும்.

கடன், வரி: நம்ம பக்கத்துக் கணக்கு

15 லட்சம் கல்விக் கடன், 10.5% வட்டி, ரெண்டு வருஷப் படிப்பு, அதுக்கு மேல ஒரு வருஷம் ஈஎம்ஐ விடுமுறைன்னு வச்சுக்குவோம். விடுமுறைங்கிறது ஈஎம்ஐக்குத்தான், வட்டிக்கு இல்லை. மூணு வருஷத்தில் தனிவட்டியே 4.72 லட்சம். அதை அசலோடு சேர்த்து 10 வருஷம் கட்டினா ஈஎம்ஐ சுமார் 26,600 ரூபாய். வட்டியை மாசாமாசம் 13,125 ரூபாய் கட்டிட்டே வந்தா, ஈஎம்ஐ சுமார் 20,240. அந்த 13,125-ஐ யார் கட்டப்போறாங்கன்னு கிளம்பும் முன்னாடியே வீட்டில் பேசிடுங்க.

80இ பிரிவில் கல்விக் கடன் வட்டிக்கு 8 வருஷம் வரை முழுக் கழிவு உண்டு. ஆனா பழைய வரி முறையில் மட்டும்தான். நீங்க வேலையில் இருந்துட்டு தம்பிக்கோ தங்கச்சிக்கோ கடன் எடுத்தா பொதுவா இந்தக் கழிவு கிடைக்காது. தனக்கு, கணவன் அல்லது மனைவிக்கு, பிள்ளைகளுக்கு, சட்டப்படி காப்பாளரா இருந்து படிக்க வைப்பவருக்கு மட்டும்தான்.

சொந்தப் பணத்தை அனுப்பினா, ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் போகும் தொகைக்கு பேங்க் டிசிஎஸ் பிடிக்கும். 2025-26-ல் கல்விக்கு 5%. அதாவது நம்ம கணக்கில் மிச்சம் 1,90,400-க்கு 9,520 ரூபாய். படிவத்தில் காரணத்தைக் கல்வின்னு குறிக்காம விட்டா 20%, அதாவது 38,080. ரிட்டர்ன் போட்டா இது திரும்ப வரும், ஆனா கிளம்புற நேரத்தில் கையில் இருக்காது. அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து போனா டிசிஎஸ் கிடையாது. விகிதம் பட்ஜெட்டில் மாறும், அனுப்பும் நாளில் பேங்கில் கேட்டுக்கோங்க.

எப்போ கிளம்பலாம்?

மூணு கேள்விக்கு "ஆமா"ன்னு பதில் வரணும். பிளாக்டு தொகை போக 3 லட்சம் தனியா இருக்கா? படிக்கும் காலத்து வட்டியைக் கட்ட ஆள் இருக்கா? படிப்பு முடிஞ்சு வேலை தேட ஜெர்மனி 18 மாசம் வரை அனுமதி கொடுக்குது, அந்தக் காலத்தில் ஈஎம்ஐ ஆரம்பிச்சா சமாளிக்க முடியுமா?

ஒண்ணுக்கு "இல்லை"ன்னு வந்தா கனவை விட வேண்டாம். இன்னும் ஒரு வருஷம் வேலையில் இருந்து, மாசம் 25,000 ஒதுக்குங்க, 3 லட்சம் சேர்ந்துடும். அந்த ஒரு வருஷத்தில் ஜெர்மன் பி1 வரை படிச்சிடலாம், பார்ட் டைம் வேலைக்கும் அதுதான் உதவும்.

அந்தத் தம்பி இப்போ மூணாவது செமஸ்டர். அம்மா செயினை மீட்டாச்சு. இந்தக் கணக்கை உங்க எண்களை வச்சுப் போட்டுப் பார்க்க, எக்செல் ஷீட்டை வீடியோவுக்குக் கீழே வச்சிருக்கேன். இந்த வாரக் கடைசியில் அப்பா, அம்மாவைப் பக்கத்தில் உட்கார வச்சுப் போடுங்க.