வளைவில் தடுமாறும் காருக்குக் குறுக்குக் கம்பி

களியக்காவிளையில் எல்லை கடந்து பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியே திருவனந்தபுரம் செல்லும் 66-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் வளைவுகள் பல. அவ்வூர்களில் வாழும் நம்மவர் வளைவில் கார் தடுமாறாதிருக்க 'ஸ்ட்ரட் பார்' என்னும் குறுக்குக் கம்பியைப் பொருத்த விரும்பின், அதன் பயனை அறிதல் நன்று.

வளைவில் காரின் பாரம் வெளிப்புறச் சக்கரங்களின்மேல் சாய்கின்றது. அப்பொழுது முன்சக்கர ஷாக் அப்சார்பர்களின் மேல்முனைகளைத் தாங்கும் உடற்பகுதி இம்மியளவு நெளிகின்றது. பானெட்டின் கீழ் அவ்விரு முனைகளையும் இணைக்கும் கம்பி அந்நெளிவைக் குறைக்கும். ஆயினும் சாலையைப் பற்றுவது டயரேயன்றிக் கம்பியன்று. டயர் தேய்ந்திருப்பினும், ரப்பர் புஷ் நைந்திருப்பினும் அவற்றையே முதலில் மாற்றுக.

கம்பி உங்கள் காரின் மாடலுக்கென்றே செய்யப்பட்டதாதல் வேண்டும். இரு முனைகளிலும் போல்ட்டில் அசையும் கம்பியினும், ஒரே துண்டாய் அமைந்தது உறுதியானது. அது எஞ்சினிலும் பானெட்டிலும் இடித்தலாகாது.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிற்கு முரணாகும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கின்றது. கேரளத்து வழக்கொன்றில் 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. ஆதலின் போக்குவரத்து அலுவலகத்தில் வினவிய பின்னரே பொருத்துக. பொருத்திய பின்னும் வளைவில் வேகத்தைக் குறைத்தே செல்க.