மூன்றெழுத்தின் விலை

கொழும்பு ஜிந்துப்பிட்டியிலே, முருகன் கோயிலுக்கு அணித்தாகப் பித்தளைப் பாத்திரக் கடை வைத்திருப்பவர் என் பழைய மாணாக்கர் ஒருவர். சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கோயிலிலிருந்து திரும்பிய என்னை வழிமறித்துக் கடைக்குள் அழைத்துச் சென்றார். தேநீர் வந்தது. பிறகு தம் கைத்தொலைபேசியை என்முன் நீட்டி, "ஐயா, மூன்றெழுத்துக்கு என்ன விலை மதிக்கலாம்?" என்றார்.

நன்னூல் நடத்தி நரைத்தவனிடம் கேட்கத்தக்க வினாவா இது என்று ஒரு கணம் திகைத்தேன். விளக்கினார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், தம் பாட்டனார் பெயரின் தலைப்பெழுத்துக்கள் மூன்றை ஆங்கிலத்தில் எழுதி, அவற்றின்பின் 'புள்ளி எல்கே' என்னும் நம் நாட்டுக் குறியைச் சேர்த்து, இணைய ஆள்களப் பெயராகப் பதிந்து வைத்திருக்கிறார். இப்போது வெளிநாட்டார் ஒருவர் அதனை 8,000 டொலருக்குக் கேட்டு எழுதியிருக்கிறாராம். கடை வாடகை நான்கு மாதம் நிலுவை. மூத்த மகள் பல்கலைக்கழகம் புகும் தறுவாயில் நிற்கிறாள். அவர் முகத்தில் ஆசையும் அச்சமும் கலந்திருந்தன.

எழுத்துக்கு விலை என்பது இப்பகுதிக்குப் புதிதன்று. அண்மையிலேயே செட்டியார் தெரு இருக்கிறது. அக்காலத்து நாட்டுக்கோட்டைச் செட்டிமார் தம் தொழில் நிலையத்தைக் குறிக்கும் தலைப்பெழுத்துக் கோவையை 'விலாசம்' என்றே வழங்கினர். அந்த நான்கைந்து எழுத்துக்களின் பின்னே ஒரு குடும்பத்தின் நாணயம் முழுவதும் நின்றது. வணிகர் அஞ்சற் பகுதியில் ஆண்டுக் கட்டணம் செலுத்திப் பதிந்துகொண்ட தந்தி விலாசமும் இத்தகையதே. தந்தியிற் சொல்லுக்குச் சொல் காசாதலின் பெயர் சுருங்கச் சுருங்க இலாபம். இன்றைய ஆள்களப் பெயர் அந்த விலாசத்தின் பேரப்பிள்ளை எனலாம்.

குறுமைக்கு விலை ஏன்? ஆங்கில எழுத்து இருபத்தாறு. அவற்றால் ஈரெழுத்துப் பெயர் 676 மட்டுமே ஆக்கலாம். மூவெழுத்துப் பெயர் 17,576. அதற்குமேல் ஒன்றுகூடப் பிறவாது. ஆயினும் அருமை ஒன்றே விலையைத் தந்துவிடாது. பின்னே நிற்கும் நாட்டுக் குறிக்கு வேறொரு பொருள் வாய்த்துவிட்டால் அங்கேதான் அதிர்ஷ்டம் விளைகிறது. பசிபிக் கடலிலுள்ள துவாலு பதினோராயிரம் பேர் அளவே வாழும் சிறு தீவு நாடு. அதன் குறி 'டிவி'. தொலைக்காட்சிக்காரர் விரும்பும் அவ்விரண்டெழுத்தையும் ஒரு நிறுவனத்திடம் குத்தகைக்கு விட்டது. பன்னிரண்டு ஆண்டுகளில் ஐந்து கோடி டொலர் என்பது உடன்பாடு. அப்பணத்தின் துணைகொண்டு 2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபையிலும் உறுப்பாயிற்று. கரீபியன் கடலிலுள்ள அங்குவிலாவின் குறி 'ஏஐ'. செயற்கை நுண்ணறிவின் ஆங்கிலத் தலைப்பெழுத்தும் அதுவே ஆனமையால், 2023இல் மட்டும் மூன்று கோடி இருபது இலட்சம் டொலர் அளவு வந்தது. அத்தீவு அரசின் வருவாயில் ஐந்திலொரு பங்குக்கு மேல்! யாரோ ஒருவர் என்றோ வகுத்த பட்டியலில் வீழ்ந்த எழுத்துக்கள் செய்த வேலை இது.

நம் 'எல்கே'க்கு அத்தகைய இரண்டாம் பொருள் இல்லை. லங்கா என்பதன் லகரமும் ககரமும் அது. 1990ஆம் ஆண்டு முதல் வழக்கில் இருக்கிறது. ஆகவே அதன் மதிப்பு பெரிதும் உள்ளூர் மதிப்பே என்றேன். மாணாக்கருக்கு இது உவப்பாயில்லை.

"எழுத்துக் குறைந்தால் விலை கூடும் என்கிறார்களே, ஐயா?"

"தம்பி, ஓரெழுத்தே ஏமாற்றியதுண்டு" என்று அமெரிக்கக் கதை ஒன்றைச் சொன்னேன். ஓவர்ஸ்டொக் என்னும் வணிக நிறுவனம் கொலம்பியா நாட்டுக் குறியாகிய 'சிஓ'வின்கீழ் 'ஓ' என்ற ஒற்றையெழுத்துப் பெயரை 2010இல் 3,50,000 டொலருக்கு வாங்கிற்று. மறு ஆண்டு அதையே தன் பெயராகவும் விளம்பரப்படுத்திற்று. வாடிக்கையாளரோ பழக்க தோஷத்தால் 'ஓ'வின்பின் 'கொம்' என்று தட்டி வழிதவறினர். அவ்வாண்டே நிறுவனம் பழைய பெயரை நாடிற்று.

இன்னுமொன்று. இப்பெயர்கள் நமக்கு உடைமையல்ல, வாடகைக் குடியிருப்பு. கட்டணம் தவறினால் வீடு பிறன் கைக்குப் போகும். வீட்டுக்காரன் சினந்தாலும் போகும்: லிபியாவின் 'எல்வை' என்னும் குறியில் அமைந்த ஈரெழுத்துப் பெயரொன்றை, உள்ளடக்கம் தன் சட்டத்துக்கு ஒவ்வாது என்று அந்நாட்டுப் பதிவகம் 2010இல் பறித்துக்கொண்டது. நாடே மறைந்தால் குறியும் மறையும். யூகோஸ்லாவியாவின் 'வையூ' அதே 2010இல் நீக்கப்பட்டது. நமக்குத் தெற்கே சாகோஸ் தீவுகளுக்குரிய 'ஐஓ'வைக் கணினித் துறையார் பெரும்பொருள் கொடுத்து வாங்கி வைத்திருக்கின்றனர். அத்தீவுகளின் இறைமையை மொரீசியசுக்கு அளிக்கப் போவதாகப் பிரித்தானியா 2024 ஒக்டோபரில் அறிவித்தபோது அவர்கள் கலங்கியது இதனாலேதான். தீவிலிருந்து பெயர்க்கப்பட்ட மக்கள் கலங்கியது அதற்கும் அரை நூற்றாண்டு முந்தி. அது வேறு கதை.

இவ்வளவும் சொன்னபின், அந்தக் கடிதத்தை முழுவதும் வாசித்துக் காட்டச் சொன்னேன். கடைசிப் பத்தியில் இருந்தது சங்கதி. விற்பவர் முதலில் தாம் குறிப்பிடும் இடத்தில் 190 டொலர் கட்டி 'மதிப்புச் சான்றிதழ்' பெறல் வேண்டுமாம். பெற்றதும் பணம் வருமாம். என்னோடு கற்பித்த ஆசிரியர் ஒருவர் இதே வலையில் வீழ்ந்தவர். சான்றிதழ் வந்தது, வாங்குவோர் வரவில்லை. செட்டியார் தெருவில் நகை வாங்க வருபவன் உரைகல்லின் கூலியை விற்பவனிடம் முன்பணமாகக் கேட்பானா?

"செலவை நீங்களே செலுத்தி, விலையிற் கழித்துக்கொள்ளுங்கள்" என்று விடை எழுதுவித்தேன். இரண்டு வாரம் கழிந்தது. மறுமொழி இல்லை.

"அப்படியானால் உண்மை விலைதான் என்ன?" என்று அடுத்த சந்திப்பில் கேட்டார். இத்தகைய மூவெழுத்துக்கள் முன்னர் என்ன விலைக்கு உண்மையாகவே கைமாறின என்று பார்க்க வேண்டும். கேட்கப்பட்ட விலை கணக்கில் வராது. அதே தலைப்பெழுத்துடைய நிறுவனம் இந்நாட்டில் எத்தனை என்று எண்ண வேண்டும். வாங்கி விற்கும் தரகன் கொடுப்பது ஒரு விலை. தன் பெயராகவே கொள்ள விரும்புவோன் கொடுப்பது அதனிற் பன்மடங்கு. அவனோ நூற்றில் ஒருவன். என்று வருவான் என்பதற்கு உறுதியில்லை. மகளின் படிப்பை அவன் வருகையில் ஏற்றி வைக்கலாகாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். சற்று நேரம் அவர் பேசவில்லை.

பேச்சை மாற்ற, 2010 முதல் தமிழெழுத்திலேயே 'புள்ளி இலங்கை' என்னும் குறி இருப்பதை நினைவூட்டினேன். நமக்கு அது நான்கெழுத்து. கணினி ஆறு குறியாக எண்ணும். வலையின் உள்ளே போனாலோ உரோம எழுத்தும் எண்ணும் கோடுமாகப் பதினாறாய் நீளும்! நன்னூலார் எண்ணிய ஓரெழுத்தொருமொழி நாற்பத்திரண்டு. அவற்றுள் ஆ, ஈ முதலிய உயிர் ஆறு மட்டுமே கணினிக்கும் ஓரெழுத்து. பூவும் கையும் அதற்கு இரண்டு. மாணாக்கர் வாய்விட்டுச் சிரித்தார். பாட்டனாரின் மூவெழுத்துக்குரிய அடுத்த ஆண்டுக் கட்டணத்தை அன்று காலையே கட்டிவிட்டதாகச் சொன்னார். நான் ஒன்றும் கூறவில்லை.

அதற்குள் ஓர் அம்மையார் குத்துவிளக்குக் கேட்டு வந்தார். விளக்கைத் தராசில் ஏற்றி, நிறைக்கு விலை சொல்ல அவர் எழுந்து போனார்.