கதைகளில் பெற்றோரும் மக்களும்

லூக்கா சுவிசேஷத்தின் பதினைந்தாம் அதிகாரத்திலுள்ள கெட்ட குமாரன் உவமையை நம் கல்லூரியில் அறியாதார் இலர். இளையவன் திரும்பி வந்ததோடு அக்கதை முடிந்ததென்றே பலர் கருதுகின்றனர். கதையின் முடிச்சோ மூத்தவனிடத்தில் இருக்கின்றது. இழந்த மகன் கிடைத்தான் என்று தந்தை விருந்து செய்கிறார். இத்தனை ஆண்டு உழைத்த தனக்கு ஓர் ஆட்டுக்குட்டியும் கிட்டவில்லையே என்று மூத்தவன் வாயிற்புறத்தே நிற்கிறான். இருவர் பக்கமும் நியாயம் உண்டு. தந்தை வெளியே வந்து வருந்தி அழைத்த பின்னும் அவன் உள்ளே சென்றானா என்பது சொல்லப்படவில்லை. படிப்போர் மனம் இன்றும் அவ்வாயிலிலேயே நிற்கிறது.

பெற்றோர்க்கும் மக்கட்கும் கருத்து வேறுபட்ட மாத்திரத்தில் கதை பிறந்துவிடாது. தந்தையைக் கொடியராகவும் மகனைத் தியாகியாகவும் எழுதிவிட்டால், முதற்பக்கத்திலேயே தீர்ப்புக் கிடைத்துவிடும், பின்பு படிப்பானேன்? நம் பத்திரிகைக் கதைகள் பல இக்குற்றமுடையன. இருவரும் தத்தம் இடத்தினின்று உண்மையையே காணுதல் வேண்டும். அப்பொழுதுதான் இழுபறி உண்டாகும். ருஷ்ய ஆசிரியர் துர்கனேவ் 1862-இல் வெளியிட்ட 'தந்தையரும் தனயரும்' என்னும் நாவல் இரு தலைமுறையாரின் சினத்தையும் ஒருங்கே ஈட்டியதற்கு, அவர் எப்பக்கமும் முழுதுஞ் சாயாமையே காரணம்.

இதற்கு எடுத்துக்காட்டுத் தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. வடக்குத்தை அடுத்த நெய்வேலியே ஒரு சிறந்த தமிழ்ச் சிறுகதையின் ஒரு முனையாக அமைந்துள்ளது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் 1934-இல் பிறந்த ஜெயகாந்தன் எழுதிய 'யுகசந்தி'யே அக்கதை. பழுப்பு நிலக்கரி நிறுவனம் 1956-இல் தோன்றியபின் எழுந்த புதுநகர் நெய்வேலி. அங்குப் பரம்பரைத் தெரு இல்லை, பாட்டன் காலத்து அயல்வீடும் இல்லை. அந்நகரில் ஆசிரியையாக இருக்கிறாள் கீதா என்னும் இளங்கைம்பெண். அவளுக்குத் துணையாக உடனிருப்பவள் கௌரிப் பாட்டி. அவளும் இளமையிலேயே கணவனை இழந்தவள். கீதாவின் தந்தை கணேசய்யர் குடும்பத்துடன் கடலூரில் வாழ்கிறார். உடன் பணியாற்றும் ஓர் ஆசிரியரை மணக்கத் துணிந்த கீதா, தன் முடிவைக் கடிதமாக எழுதிப் பாட்டியின் கையில் கொடுத்தனுப்புகிறாள்.

இங்கே ஆசிரியரின் திறம் காண்க. மகள் தந்தைமுன் வந்து வாதிடவில்லை. அவள் கடிதமே வருகிறது. கடிதத்தோடு யார் சண்டையிட முடியும்? ஆகவே கணேசய்யரின் கோபம் முழுவதும் வீட்டினுள்ளேயே சுழல்கிறது. அவரும் கல்நெஞ்சர் அல்லர். பெண்ணைப் படிக்கவைத்து வேலைக்கும் அனுப்பியவர். தம் காலத்துக்கு அது சிறு துணிவன்று. தாம் நடந்துவந்த தூரமே மிகுதியென அவர் எண்ணுகிறார். மகளுக்கோ அது பாதி வழி. இவ்விரண்டு அளவைகளின் வேறுபாடே கதையின் இறுக்கம்.

அதனை அவிழ்ப்பவள் பாட்டி. தலை மழித்து, ஆசாரம் காத்து, பழைய முறைகளைத் தன்னளவில் சிறிதும் தளர்த்தாதவள் அவள். இவள் மகன் பக்கமே நிற்பாள் என நாம் எதிர்பார்க்கிறோம். அவளோ பேத்தியோடிருக்கப் புறப்பட்டுவிடுகிறாள். கைம்மையின் துயரத்தைக் கணேசய்யர் அருகிருந்து கண்டவர், அவள் பட்டவள். கண்டவர்க்கும் பட்டவர்க்கும் பார்வை ஒன்றாகுமோ? தலைமுறைப் பிளவு எப்பொழுதும் வயதின் வரிசைப்படியே ஓடுவதில்லை என்பதைக் கடலூருக்கும் நெய்வேலிக்கும் இடைப்பட்ட இச்சிறு பேருந்துப் பயணம் காட்டுகிறது.

இதே ஆசிரியர் பின்னர் இன்னும் கடுமையான சோதனை ஒன்று செய்தார். 1966-இல் ஆனந்த விகடனில் வந்த 'அக்கினிப் பிரவேச'த்தில், மழைநாளில் கார் ஒன்றில் ஏறிக் கெடுக்கப்பட்டுத் திரும்பும் கல்லூரிப் பெண்ணைத் தாய் முதலில் அடிக்கிறாள். பின்பு தலையில் நீர் வார்த்து, நீ தூயவள் எனத் தேற்றுகிறாள். அம்முடிவு நாட்டில் பெரும் விவாதத்தைக் கிளப்பிற்று. தாயின் பார்வை மட்டும் வேறாயிருந்தால் என்னாகும்? அவ்வினாவின் விடையே 1970-இல் நூலான 'சில நேரங்களில் சில மனிதர்கள்'; 1972-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. நடந்த செயல் அதுவே, தாய்தான் வேறு. இவள் கூக்குரலிட, ஊர் அறிகிறது. தமையன் தங்கையை வீட்டைவிட்டு விரட்டுகிறான். ஒரு சிறுகதையில் அடங்கிய துன்பம், பல்லாண்டு நீண்டு ஒரு நாவலாகிறது.

அந்நாவலில் கங்கா, உத்தியோகத்திலமர்ந்த பின்னர், தன் கதையையொத்த ஒரு கதையைப் பத்திரிகையில் காண்கிறாள். அதிலுள்ள தாய் மகளுக்கு நீர் வார்க்கிறாள். அதைக் கங்கா தன் தாயையும் படிக்கச் செய்கிறாள்.