தண்ணீர் பில் பாக்கி: டெட்ராய்ட்டில் நடந்தது என்ன?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட் நகரில் 2014ஆம் ஆண்டில் மட்டும் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குத் தண்ணீர் நிறுத்தப்பட்டது. வறட்சியால் அல்ல. உலகின் மிகப் பெரிய நன்னீர் ஏரிகள் சூழ்ந்த மாநிலம் அது. நகரை ஒட்டியே டெட்ராய்ட் ஆறு ஓடுகிறது. தண்ணீர் நிறுத்தப்பட்டதற்கு ஒரே காரணம் பில் பாக்கி.

பாக்கி வைத்தவர்களுக்குத் தண்ணீரை நிறுத்தாமல் வேறு என்ன செய்வார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆற்று நீரைச் சுத்திகரித்து, குழாயில் ஏற்றி, வீடு வரை கொண்டு சேர்க்கப் பணம் வேண்டும். அதை யாராவது கொடுத்தாக வேண்டும். ஆனால் அந்த பில் எப்படி அவ்வளவு பெரிதானது, அதைக் கட்டச் சொல்லப்பட்டவர் கையில் எவ்வளவு இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

1950இல் டெட்ராய்ட்டின் மக்கள்தொகை 18 லட்சத்துக்கும் மேல். கார்த் தொழிற்சாலைகளை நம்பி வளர்ந்த ஊர். தொழிற்சாலைகள் போயின, வசதியுள்ளவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள், புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். 2010 கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 7 லட்சத்து 14 ஆயிரம் பேர்; அவர்களில் பத்தில் எட்டுப் பேர் கறுப்பினத்தவர். மக்கள் போனாலும் மண்ணுக்கடியில் புதைத்த குழாய் அப்படியே கிடக்கிறது. 18 லட்சம் பேருக்காகப் போட்ட குழாய்களையும் சாக்கடைகளையும் 7 லட்சம் பேர் பராமரிக்க வேண்டியதாயிற்று. ஆள் நடமாட்டமில்லாத தெருக்களிலும் பழைய குழாய்கள் உடைந்து கசிந்தன. மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகும் பழைய அமைப்பு என்பதால், பெருமழையில் கழிவுநீர் ஆற்றில் கலக்காமல் தடுக்கவும் ஏராளமாகச் செலவழிக்க வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் கடன் பத்திரங்கள் வெளியிட்டுப் பணம் திரட்டினார்கள். அசலும் வட்டியும் வீட்டு பில்லில் வந்து விழுந்தன.

2014 வாக்கில் தண்ணீர், கழிவுநீர், வடிகால் எல்லாம் சேர்த்து ஒரு வீட்டின் சராசரி பில் மாதம் 75 டாலர் அளவில் இருந்தது. அன்று நகரில் ஐந்தில் இருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே வாழ்ந்தார்கள். வேறு வருமானமில்லாத முதியவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் கூட்டரசு அந்த ஆண்டு தந்த உதவித்தொகை மாதம் 721 டாலர். அதில் 75 டாலர் என்றால் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். மீதியில் வாடகை, மிச்சிகன் குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் எரிவாயு, மருந்து, சாப்பாடு எல்லாம் முடிய வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை குடிநீருக்கும் கழிவுநீருக்கும் சேர்த்து வருமானத்தில் 4.5 சதவீதம் வரை தாங்கலாம் என்ற அளவுகோலைப் பல காலம் வைத்திருந்தது. அது ஊரின் இடைநிலை வருமானத்தைக் கொண்டு போட்ட கணக்கு. ஊருக்குள் இருக்கும் ஏழை அந்தக் கணக்கில் கண்ணுக்கே தெரியமாட்டார்.

2013 ஜூலையில் நகராட்சி திவால் மனு கொடுத்தது. கடன் ஏறத்தாழ 1,800 கோடி டாலர். அமெரிக்க நகராட்சிகளின் வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய திவால் நடந்ததில்லை. நிர்வாகம் ஏற்கெனவே மக்கள் தேர்ந்தெடுத்தவர்களிடம் இல்லை. ஆளுநர் நியமித்த அவசரகால மேலாளர் கெவின் ஓர் என்பவரிடம் இருந்தது. குடிநீர்த் துறையின் வரவுக் கணக்கைச் சரிசெய்ய வேண்டும் என்ற நெருக்கடியில், 60 நாளுக்கு மேல் தாமதித்தவர்கள் அல்லது 150 டாலருக்கு மேல் பாக்கி வைத்தவர்களின் இணைப்பைத் துண்டிப்போம் என்று 2014 மார்ச்சில் அறிவித்தார்கள். வாரத்துக்கு 3,000 வீடுகள் வரை என்பது திட்டம். வணிக நிறுவனங்களும் தொழிற்கூடங்களும் கோடிக்கணக்கில் பாக்கி வைத்திருந்தன. ஆனால் ஒப்பந்ததாரரின் லாரிகள் வரிசையாகப் போய் நின்றது வீடுகளின் முன்னால்தான்.

துண்டிப்பது எளிய வேலை. வீட்டுக்கு முன்னால், தரையில் ஒரு சிறிய இரும்பு மூடி இருக்கும். அதைத் திறந்து, நீளமான கம்பிச் சாவியை உள்ளே விட்டு வால்வைத் திருகினால் தண்ணீர் நின்றுவிடும். தண்ணீர் நிறுத்திய வீட்டுக்கு அடையாளமாக நடைபாதையில் நீலச் சாயம் பூசினார்கள். தெருவில் போகிற எல்லாருக்கும் அது தெரிந்தது.

நம் ஊரில் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றால் தெருக்குழாய், அடிபம்பு, லாரித் தண்ணீர் என்று ஏதாவது ஒன்று இருக்கும். டெட்ராய்ட்டில் இவை எதுவும் கிடையாது. குழாய் நின்றால் எல்லாமே நின்றது. கழிப்பறையில் ஊற்றத் தண்ணீர் இல்லை, பிள்ளையைக் குளிப்பாட்ட இல்லை, சமைக்க இல்லை. கடையில் வாங்கும் புட்டித் தண்ணீர் குழாய்த் தண்ணீரைவிடப் பல மடங்கு விலை. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலாக ரப்பர் குழாய் நீட்டினால் உண்டு. தண்ணீரில்லாத வீட்டில் குழந்தைகள் இருப்பதைக் குழந்தைகள் நலத் துறை புறக்கணிப்பாகக் கருதலாம் என்பதால், பெற்றோர் பலர் வெளியில் சொல்லவே பயந்தார்கள். பாக்கி சொத்து வரியில் ஏற்றப்பட்டது. மூன்று ஆண்டுகள் வரி கட்டாமல் விட்டால் மாவட்ட நிர்வாகம் வீட்டையே ஏலம் விடும். சில நூறு டாலர் தண்ணீர் பாக்கி ஒருவரின் வீட்டையே கொண்டுபோன வழி இதுதான். வாடகைக்கு இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். வீட்டுக்காரரோ முன்பு குடியிருந்தவரோ வைத்த பாக்கிக்கும் இவர்கள் குழாய்தான் மூடப்படும்.

மக்கள் சும்மா இருக்கவில்லை. தண்ணீரை நிறுத்தப் புறப்பட்ட லாரிகளை மறித்துச் சிலர் கைதானார்கள். ஜூலையில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். கட்ட முடியாதவரின் தண்ணீரை நிறுத்துவது மனித உரிமை மீறல் என்று ஐ.நா.வின் சிறப்பு வல்லுநர்கள் ஜூனிலேயே அறிக்கை விட்டிருந்தார்கள். சில வாரங்களுக்குத் துண்டிப்பு நிறுத்தி வைக்கப்பட்டு மீண்டும் தொடங்கியது. துண்டிப்பை நிறுத்தக் கோரிய வழக்கு திவால் நீதிபதி ஸ்டீவன் ரோட்ஸிடம் வந்தது. தண்ணீர் இல்லாமல் போவது ஈடுசெய்ய முடியாத தீங்கு என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் கட்டுப்படியாகும் விலையில் தண்ணீர் பெறும் உரிமையை எந்தச் சட்டமும் தரவில்லை என்று சொல்லி, செப்டம்பர் இறுதியில் தடை கொடுக்க மறுத்துவிட்டார். என் பார்வையில் இந்த விவகாரத்தின் மையமே இந்தத் தீர்ப்புதான். தீங்கு தெரிகிறது, தடுக்கச் சட்டம் இல்லை.

நகரின் அன்றைய மேயர் மைக் டகன் தவணைத் திட்டம் கொண்டுவந்தார். பாக்கியில் 10 சதவீதம் முன்பணம் கட்டினால் தண்ணீர் திரும்ப வரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 75 டாலரே கட்ட முடியாதவர் இனி மாதாமாதம் 75 டாலரோடு பழைய பாக்கியின் தவணையையும் சேர்த்துக் கட்ட வேண்டும். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் விரைவிலேயே தவணை தவறினார்கள். இது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். வருமானத்துக்கு ஏற்றபடி பில் போடுங்கள், கட்டக்கூடிய தொகை என்றால் மக்கள் கட்டுவார்கள் என்று ராஜர் கோல்டன் என்ற பொருளியல் வல்லுநர் 2005இலேயே டெட்ராய்ட்டுக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்திருந்தார். அது அவர் எழுதியபடி நடைமுறைக்கு வரவே இல்லை.

பிற ஊர்கள் வேறு வழி கண்டன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1989இல் குடிநீர் தனியார் கைக்குப் போன பிறகு துண்டிப்புகள் பெருகின. 1999இல் சட்டம் போட்டு, பாக்கிக்காக வீட்டுக் குழாயை மூடுவதையே தடை செய்தார்கள். அங்கே குடிநீர் நிறுவனங்கள் இதனால் மூழ்கிவிடவில்லை. பாக்கியை மற்றக் கடன்களைப் போல நீதிமன்றம் மூலம் வசூலிக்கிறார்கள். பிரான்சிலும் இப்போது அப்படித்தான். அமெரிக்காவிலேயே ஃபிலடெல்ஃபியா நகரம் 2017 முதல் ஏழைகளின் பில்லை அவர்கள் வருமானத்தில் 2 முதல் 4 சதவீதம் வரை என்று கட்டுப்படுத்தியது.

டெட்ராய்ட்டை அசைத்தது கொரோனா. கை கழுவுங்கள் என்று அரசு சொல்லிக்கொண்டிருக்கும்போது கழுவத் தண்ணீரில்லாத வீடுகள் இருப்பதை மறைக்க முடியவில்லை. 2020 மார்ச்சில் மாதம் 25 டாலருக்கு இணைப்பைத் திரும்பக் கொடுத்தார்கள். துண்டிப்புத் தடை 2022 இறுதிவரை நீடித்தது. அந்த ஆண்டே ‘லைஃப்லைன்’ என்ற திட்டம் வந்தது. மிகக் குறைந்த வருமானக் குடும்பத்துக்கு 4,500 கேலன், அதாவது ஏறத்தாழ 17,000 லிட்டர் வரை, மாதம் 18 டாலர் என்று அப்போது வைத்தார்கள்; சேர்ந்தால் பழைய பாக்கி தள்ளுபடி. கோல்டன் சொன்னதற்கு மிக அருகில் வந்த ஏற்பாடு இது.

ஆனால் இதற்கு நிலையான பணம் இல்லை. தொடங்கியது பெருமளவு கொரோனா கால நிவாரண நிதியில். வீட்டைச் சூடாக்கும் செலவுக்கு ஏழைகளுக்கு உதவ அமெரிக்காவில் 1980களிலிருந்து நிரந்தரக் கூட்டரசுத் திட்டம் இருக்கிறது. தண்ணீருக்கு அப்படியொன்று கிடையாது. பெருந்தொற்றுக் காலத்தில் தொடங்கிய தற்காலிகத் திட்டமும் முடிந்துவிட்டது. 2023இல் டெட்ராய்ட்டில் துண்டிப்பு மீண்டும் தொடங்கியது. உதவித் திட்டத்தில் பெயர் பதிந்தவர்களுக்குப் பாதுகாப்பு இருந்தது. விண்ணப்பிக்காதவர்களுக்கும், வருமான வரம்பைச் சற்றே தாண்டியவர்களுக்கும் அது இருக்கவில்லை.

கட்ட முடிந்தும் கட்டாதவரிடம் வசூலிக்க நீதிமன்றம் இருக்கிறது. கட்ட முடியாதவரின் குழாயை மூடினால் பாக்கி வசூலாவதில்லை, ஒரு குடும்பம் தண்ணீரில்லாமல் கிடப்பதுதான் மிச்சம். வருமானத்துக்கேற்ற பில்லையும் அதற்கான நிரந்தர நிதியையும் மிச்சிகன் அரசு சட்டமாகவே எழுத வேண்டும். வீட்டுக் குழாயைப் பாக்கிக்காக மூடக் கூடாது என்பதையும் அந்தச் சட்டத்திலேயே சேர்க்க வேண்டும்.