ஒரு பல்லும் ஏழு ஆண்டும்

வரப்பை அரை அடி வெட்டித் தன் வயலோடு சேர்த்துக்கொண்டான் என்று தொடங்கிய வாய்ச்சண்டை கைகலப்பாக முற்றி, ஒருவன் கன்னத்தில் விழுந்த அறை வெறும் வீக்கத்தோடு நின்றுவிட்டால், சட்டத்தின் பாஷையில் அது சாதாரணக் காயம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 115(2)ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பதோடு, மாஜிஸ்திரேட்டின் உத்தரவின்றிப் போலீசார் அதைப் புலன்விசாரிக்கவும் இயலாது. அதே அறையில் ஒரு கடைவாய்ப் பல் முறிந்துவிட்டாலோ, கொடுங்காயம் என்ற பெயர் வந்து, ஏழாண்டுச் சிறை வரைக்கும் வழி திறக்கிறது. (கையில் அரிவாள் இருந்தால் பிரிவே வேறு, அதை இங்கே விட்டுவிடுவோம்.)

1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டம் எட்டு வகையாக வகுத்த கொடுங்காயத்தில் எலும்புக்குச் சமமான ஆசனம் பல்லுக்கும் கிடைத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டமும் அந்த வரிசையைக் கலைக்காமல், கடும் வேதனைப்பட வேண்டிய நாட்களை மட்டும் 20லிருந்து 15ஆகக் குறைத்தது. வேதனையைப் பல்லால் எடைபோடுவது விநோதமாகத் தோன்றினாலும், கண்ணால் கண்டு சொல்லக்கூடிய ஓர் அளவுகோல் நீதிபதிக்கு வேண்டியிருப்பதால், நான் அதைக் குறைகூறமாட்டேன்.

ஆயினும் பல் விழுந்த மாத்திரத்தில் பிரதிவாதியின் கதை முடிந்துவிடுவதில்லை. அடித்தவன் கொடுங்காயம் விளைவிக்க எண்ணியிருக்க வேண்டும், அல்லது அது நேரக்கூடுமென்று அறிந்தாவது இருக்க வேண்டும் என்பது சட்டம் வைத்த நிபந்தனையாதலால், ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல் கைபட்டு விழுந்தது என்ற வாதத்துக்கு இடமுண்டு. முதலில் கை ஓங்கியவன் எதிராளியே என்றால் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைத் தருகின்றன. கீழே விழுந்துவிட்டவனை மேலும் மிதித்தவனுக்கு அந்த நிழல் கிடையாது. பிரதிவாதியின் உடம்பிலும் கணிசமான காயமிருந்து, அது எப்படி வந்ததென்று அரசுத் தரப்பு வாய்திறவாமல் இருந்தால் சந்தேகம் அவர்கள் பக்கமே திரும்பும் என்பதை, பீகாரின் லட்சுமி சிங் வழக்கில் 1976இல் உச்ச நீதிமன்றம் எடுத்துரைத்தது. சமாதானத்துக்கும் கதவு உண்டு: சாதாரணக் காயமானால் அடிபட்டவரே ராஜியாகலாம், கொடுங்காயமானால் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்.

இவையெல்லாவற்றுக்கும் முன்னதாக, அனுபவமுள்ள வக்கீல் கேட்டு வாங்கிப் பார்ப்பது ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகலைத்தான். அடிபட்ட அன்று இரவு டாக்டரிடம், தெரிந்த நபர் ஒருவர் கையால் அடித்தார் என்று சொன்னவர், மறுநாள் போலீஸ் ஸ்டேஷனில் ஐந்து பேர் கட்டையால் அடித்ததாக எழுதிக் கொடுத்திருப்பார்.