இரட்டைப் பிள்ளைகளும் வைத்தியசாலைக் குறியீடுகளும்

காரைதீவுத் தாய் ஒருவரின் வயிற்றில் இரு சிசுக்கள் இருப்பது ஸ்கேன் பரிசோதனையில் தெரியவந்தால், குடும்ப நல உத்தியோகத்தர் அவரை விசேட வைத்தியர் உள்ள வைத்தியசாலைக்கு அனுப்புவார். அருகிலுள்ள கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் உள்ளன.

ஒரு நுகம் இரண்டாகப் பிரிந்தால் ஒத்த இரட்டையரும், இரு சூல்கள் இரு விந்துகளால் தனித்தனியே கருக்கட்டப்பட்டால் ஒவ்வா இரட்டையரும் உருவாகின்றனர். ஒத்த இரட்டையர் சிலர் ஒரே சூல்வித்தகத்தைப் பகிர்வர். அப்போது ஒரு சிசுவின் குருதி மற்றையதற்குச் சென்றுவிடக்கூடும். அவ்வாறானால் ஒன்று மெலியும், மற்றையதன் இதயத்திற்குச் சுமை கூடும். எனவேதான் இவர்களுக்கு ஸ்கேன் அடிக்கடி செய்யப்படுகிறது.

இனிக் குறியீடுகளைப் பார்ப்போம். நோய்களையும் பிறப்பு விபரங்களையும் எந்த நாட்டவரும் ஒரே விதமாகப் பதிவதற்கு உலக சுகாதார நிறுவனம் சர்வதேச நோய் வகைப்பாட்டை வெளியிடுகிறது. அதன் பத்தாவது திருத்தம் 1990 இல் அங்கீகரிக்கப்பட்டது. ஓர் உதாரணம்: 36 வாரங்களில் இரட்டையர் உயிருடன் பிறக்கின்றனர். முதற்பிள்ளை 2550 கிராம், இரண்டாம் பிள்ளை 1900 கிராம்.

தாயின் பதிவில் ஓ 30.0 (இரட்டைக் கர்ப்பம்), இசட் 37.2 (இருவரும் உயிருடன் பிறந்தனர்) என எழுதப்படும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இசட் 38.3 (வைத்தியசாலையில் பிறந்த இரட்டையர்) உண்டு. இதுவரை இருவரும் சமன். ஆனால் 2500 கிராமிற்குக் குறைந்த இரண்டாம் பிள்ளைக்கு பி 07.1 சேரும். முதற்பிள்ளையின் நிறை போதுமானது. எனினும் 37 வாரம் நிறையாததால் அதற்கு பி 07.3 சேரும். ஒரே தாய், ஒரே நாள், பதிவுகளோ மூன்று!

இது வெறும் எழுத்து வேலை அன்று. பச்சிளம் பிள்ளைக்கான மருந்தின் அளவு நிறையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. மேலுள்ள இருவரின் நிறைகளும் மாறி எழுதப்பட்டால், சிறிய பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கிற்கும் மேல் அதிகமான மருந்து செல்லும். ஆகவே பிறந்தவுடனேயே முதலாமவர், இரண்டாமவர் எனக் குறித்த பட்டி கையிலோ காலிலோ கட்டப்படும்.

கருப்பை மிகையாக விரிவதால் இரட்டையர் முந்திப் பிறப்பது அதிகம். மிகவும் முந்திப் பிறந்தால் நுரையீரலின் சிற்றறைகள் ஒட்டாமல் காக்கும் பதார்த்தம் போதாது. இதை முன்கூட்டியே தூண்ட, தாய்க்கு ஸ்ரீரொயிட் ஊசி போடப்படும். பிறந்த பின் வெப்பமும் தாய்ப்பாலும் முக்கியம். பிள்ளையைத் தாயின் வெற்று மார்போடு அணைத்து வைக்கும் 'கங்காரு' முறை, 1978 இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்கியுபேற்றர் போதாமையால் தொடங்கியது. இரட்டையருள் ஒருவரைத் தந்தையும் அணைக்கலாம்.

இலங்கையில் 2021 ஒக்டோபரில் கொழும்பு தனியார் வைத்தியசாலை ஒன்றில் ஒரே பிரசவத்தில் ஆறு பிள்ளைகள் பிறந்தனர். இத்தகைய பிரசவத்தில் அனைவரும் உயிருடன் பிறந்தால் தாய்க்கு இசட் 37.5, பிள்ளைகளுக்கு இசட் 38.6 ஆறு தடவைகள்.

பயிற்சி வினா: தாயின் பதிவில் இசட் 37.3 (இரட்டையருள் ஒருவர் உயிருடன், மற்றவர் இறந்து பிறந்தார்) உள்ளது. எத்தனை பிள்ளைகளுக்கு இசட் 38.3 இடப்படும்?

விடை: ஒருவருக்கு. இசட் 38 உயிருடன் பிறந்தோருக்கு மட்டுமே உரியது. மற்றவர் இறந்துவிட்டாலும், உயிருடன் பிறந்தவர் 'இரட்டையர்' என்றே பதியப்படுவார்.