அட்டப்பாடியும் அரிவாள் செல் சோகையும்: மரபுச் செய்தி செயற்படும் விதம்

கேரள மாநிலத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டின் நீலகிரி, கோவை மாவட்டங்களை ஒட்டி அமைந்துள்ளது அட்டப்பாடி. பவானியும் சிறுவாணியும் பாயும் இம்மலைப்பகுதியில் இருளர், முடுகர், குறும்பர் ஆகிய பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். 2013-ஆம் ஆண்டில் இங்குப் பச்சிளங் குழந்தைகள் பலர் இறந்த செய்தி நாட்டின் கவனத்தை ஈர்த்தது. ஊட்டக் குறைவும் தாய்மாரின் இரத்த சோகையும் அப்போது பெரிதும் பேசப்பட்டன.

ஆயினும் இப்பகுதியில் காணப்படும் சோகை ஒரே வகையைச் சேர்ந்ததன்று. இரும்புச் சத்துக் குறைவால் வருவது ஒன்று; பெற்றோரிடமிருந்து மரபு வழியாக வரும் அரிவாள் செல் சோகை மற்றொன்று. முன்னதை நல்லுணவும் இரும்புச் சத்து மாத்திரையும் தீர்க்கும். பின்னதன் காரணமோ உயிரணுவினுள் எழுதப்பட்டுள்ள செய்தியில் இருக்கிறது. அச்செய்தி சேமிக்கப்படும் விதம், படியெடுக்கப்படும் விதம், செயல் வடிவம் பெறும் விதம் ஆகிய மூன்றையும் அறிந்தால்தான், அரசின் நடவடிக்கை எந்தக் கட்டத்தில் பயன் தரும் என்பது விளங்கும்.

சேமிப்பு

மரபுச் செய்தி டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் அடங்கியுள்ளது. முறுக்கிய ஏணி போன்ற அதன் அமைப்பை 1953-இல் வாட்சனும் கிரிக்கும் விளக்கினர். ரோசலிண்ட் பிராங்க்ளின் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படங்கள் அதற்குப் பெரிதும் துணை நின்றன. அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு பொருள்களே இம்மொழியின் எழுத்துக்கள். மனிதனின் ஒரு தொகுதி மரபுச் செய்தியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் உள்ளன. தாயிடமிருந்து ஒரு தொகுதியும் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியுமாக நாம் இரண்டைப் பெறுகிறோம்.

படியெடுத்தல்

அடினின் எப்போதும் தைமினுடனும், குவானின் எப்போதும் சைட்டோசினுடனும் இணையும். எனவே ஏணியின் இரு பக்கங்களும் பிரிந்ததும், ஒவ்வொன்றும் தன் துணையைப் புதிதாக உருவாக்கிக்கொள்ள அச்சாக அமைகிறது. சரியான எழுத்து எவ்வாறு படியெடுக்கப்படுகிறதோ, அவ்வாறே ஒரு முறை நேர்ந்து நிலைத்துவிட்ட பிழையும் தலைமுறை தலைமுறையாகப் படியெடுக்கப்படுகிறது.

செயல் வடிவம்

டி.என்.ஏ. உயிரணுவின் உட்கருவில் இருக்கிறது; புரதம் தயாராவதோ உட்கருவுக்கு வெளியே. இடையே தூது செல்வது ஆர்.என்.ஏ. தலைமை அலுவலகத்திலுள்ள மூல ஆவணம் அங்கேயே இருக்க, அதன் நகல் மட்டும் களப்பணியிடத்திற்கு அனுப்பப்படுவதை இதற்கு ஒப்பிடலாம். நகலில் தைமினுக்குப் பதிலாக யூராசில் இடம்பெறும். அந்நகல் மூன்று மூன்று எழுத்துக்களாகப் படிக்கப்படுகிறது. ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். இக்குறியீட்டை விளக்கியமைக்காக 1968-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவருள், இந்தியாவில் பிறந்த ஹர் கோவிந்த் கொரானாவும் ஒருவர்.

ஓர் எழுத்தின் விளைவு

இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் ஹீமோகுளோபினின் பீட்டாச் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் உள்ளன. ஆறாவதைக் குறிக்கும் மூன்றெழுத்து குவானின்–அடினின்–குவானின் ஆகும். நடுவிலுள்ள அடினின் இருக்குமிடத்தில் தைமின் அமர்ந்துவிட்டால், குளுடாமிக் அமிலத்திற்குப் பதில் வேலின் சேர்ந்துவிடுகிறது. அமினோ அமிலம் மாறியிருப்பதை 1950-களில் வெர்னான் இங்கிராம் கண்டறிந்தார். இவ்வாறு மாறிய ஹீமோகுளோபின் பிராணவாயு குறையும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, சிவப்பணு அரிவாள் போல் வளைகிறது. வளைந்த அணுக்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைப்பதால் கடும் வலியும், அவை விரைவில் சிதைவதால் சோகையும் உண்டாகின்றன.

மாறிய மரபணுவை ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் நோயாளி அல்லர். அவர் மரபணுவைச் சுமப்பவர் மட்டுமே. கடும் மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு பாதுகாப்பும் கிடைக்கிறது. மலேரியா பரவியிருந்த நிலப்பகுதிகளில் இம்மாற்றம் நிலைத்து நின்றதன் காரணம் இதுவே. இந்தியாவில் 1952-இல் நீலகிரி மலைவாழ் மக்களிடையே லேமானும் கட்புஷும் இதை முதன்முதலாகக் கண்டனர். ஆயின் சுமப்பவர் இருவர் மணந்தால், ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 விழுக்காடு. சுமப்பவராகப் பிறக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு. இரண்டும் இன்றிப் பிறக்கும் வாய்ப்பு 25 விழுக்காடு.

செய்யத்தக்கவை

2023 ஜூலை 1 அன்று தொடங்கப்பட்ட தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம், 40 வயதுக்குட்பட்ட 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பதையும், 2047-க்குள் இந்நோய் பொதுநலப் பிரச்சினையாக இருக்கும் நிலையை அகற்றுவதையும் இலக்காகக் கொண்டது. மேற்கூறிய மூன்று கட்டங்களிலும் இன்று ஏதேனும் செய்ய முடிகிறது. படியெடுக்கும் கட்டத்தில் உதவுவது, திருமணத்திற்கும் மகப்பேற்றுக்கும் முன் இரத்தப் பரிசோதனையும் ஆலோசனையும். செயல் வடிவக் கட்டத்தில் உதவுவது ஹைட்ராக்சியூரியா மாத்திரை. பிறந்தபின் பெருமளவு அடங்கிவிடும் கருக்கால ஹீமோகுளோபினை அது மீண்டும் பெருகச் செய்வதால் அணுக்கள் வளைவது குறைகிறது. சேமிப்பையே திருத்தும் மரபணு மருத்துவத்திற்குப் பிரிட்டன் 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. ஆனால் அதற்குப் பல கோடி ரூபாய் செலவாகும். ஆகவே மலைக் கிராமத்தைப் பொறுத்தவரை முதலிரண்டுமே இன்று கைக்கெட்டிய வழிகள்.

பரிசோதனை எண்ணிக்கையை நிறைவு செய்வதோடு அலுவலரின் கடமை முடிந்துவிடாது. முடிவு அறிவிக்கப்படும் முறையும் முக்கியமானது. சுமப்பவர் என்ற சொல் ஊரில் இழிசொல்லாகிவிட்டால், அடுத்த வீட்டார் பரிசோதனைக்கு வரமாட்டார். முடிவை உரியவரிடம் தனியே, அவர் பேசும் மொழியில் விளக்க வேண்டும். மண முடிவை அவரிடமே விட வேண்டும். ஊர் மூப்பன், அங்கன்வாடிப் பணியாளர், பழங்குடியினப் பணியாளர் ஆகியோர் முதலில் இவ்வறிவைப் பெறுதல் நன்று. சோகையுற்ற தாய்க்கு மாத்திரை கொடுப்பதோடு நில்லாமல், அவருடைய சோகை எவ்வகையினது என அறிவதும் வேண்டும். முந்நூறு கோடி எழுத்துக்களில் ஒன்று மாறியதற்கு எவரும் பொறுப்பாளி அல்லர். மாற்றம் தெரிந்த பின்னும் மருந்து அவர் ஊரை எட்டவில்லையெனில், அதற்கு நாம் அனைவரும் பொறுப்பாளிகளே.